ஏற்றம் எந்தப் பக்கம்?

வலது கையின் ஆள்காட்டி விரல் தடித்த தாளின் மேல் ஓடுகிறது. அது வரியை முடிப்பதற்குள் இடது விரல் அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நின்றுகொள்கிறது. திடீரென்று ஓட்டம் நிற்கிறது. வலது விரல் அரை அங்குலம் பின்னால் வந்து, ஒரே இடத்தை இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறது. பிறகு அந்தக் கை மேலே போய்க் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, தாளின் ஓரத்தில் அந்த வரிக்கு நேராகச் செருகுகிறது. மறுபடியும் ஓட்டம்.

எதிரே உட்கார்ந்து அச்சுப் புத்தகத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"என்னம்மா, தப்பா?"

"ஒரு புள்ளி கூடுதலா இருக்கு. நீங்க வாசிங்கண்ணே."

"எட்டிப் பாத்தேன், என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலயே."

"உங்க கண்ணுக்குன்னு யாரு அடிச்சா? வாசிங்க."

அச்சகத்தில் இவருக்கு ஊசியக்கா என்று பெயர். காலையில் வரும்போது கொண்டையில் எண்ணி நாற்பது ஊசி இருக்கும். பிழைக்கு ஓர் ஊசி. ஊசி குறையக் குறையக் கொண்டை தளரும். மாலையிலும் கொண்டை நின்றால் கீழ்த்தளத்தில் தட்டச்சு செய்பவர்களுக்கு அது நல்ல நாள். எந்த வேலையாக மாடிக்கு வருபவரும் முதலில் எட்டிப் பார்ப்பது இவர் தலையைத்தான். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தட்டிய முதல் அத்தியாயம் மேலே வந்த அன்று, பதினொரு மணிக்கே கூந்தல் முழுவதும் முதுகில் விழுந்துவிட்டது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். "அழாத கண்ணு," என்றார் ஊசியக்கா. "தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட வந்தேன். உன் புண்ணியத்துல நல்லா காஞ்சிடுச்சு."

பார்வையற்றவர்கள் விரலால் படிக்கும் பிரெயில் புத்தகங்களை அச்சிடும் இடம் அது. ஊசியக்காவும் பிறவியிலேயே பார்வையில்லாதவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே மெய்ப்புப் பார்க்கிறார். பார்வையுள்ள ஒருவர் மூலப் புத்தகத்தை வாசிக்க வாசிக்க, இவர் பிரெயில் தாளைத் தடவி ஒப்பிடுவார். வாசிப்பவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கும் ஒல்லியான மனிதர். பதினாறு ஆண்டுகளாக எதிர் நாற்காலி அவருடையது. ஊசியக்கா அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார். அண்ணனுக்கு உரிய சலுகை எதையும் கொடுப்பதில்லை.

விரல்களைப் பொறுத்தவரை ஊசியக்கா கண்டிப்பானவர். வேலைக்கு உட்காருமுன் குளிர்ந்த நீரில் கை கழுவி, துணியில் ஒற்றி, ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் இருப்பார். அந்த ஐந்து நிமிடம் மேலாளர் கூடப் பேச்சுக் கொடுக்க மாட்டார். வீட்டில் கத்தி பிடிப்பதில்லை, சூடான பாத்திரம் இறக்குவதில்லை. அதெல்லாம் கணவர் பொறுப்பு. கணவருக்கும் பார்வை கிடையாது. அதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் புத்தகம் தைக்கிறார். "நான் கட்டிக்கிட்டது இந்த ரெண்டு வெரல," என்பார் அவர், யார் கேட்டாலும். "மத்ததெல்லாம் கூடவே வந்தது."

பள்ளிப் படிப்போடு நின்றவர் ஊசியக்கா. மீதிப் படிப்பெல்லாம் மெய்ப்பு மேசையில்தான். சட்டப் புத்தகம், தையல் புத்தகம், மருந்து பற்றிய கையேடு என்று கைக்கு வந்ததையெல்லாம் விரலால் கடந்திருக்கிறார். அவற்றில் அவருக்குப் பிடித்தவை மாணவர்களுக்கான கட்டுரைப் பயிற்சி நூல்களும் இலக்கியச் சொல் விளக்கங்களும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற மூன்றையும் வைத்தே அவர் மனிதர்களை அளக்கிறார். வாசிக்கும் அண்ணன் விடுப்புக் கேட்க வந்து தன் மூட்டுவலியின் வரலாற்றைத் தொடங்கினால், "முன்னுரை போதும்ணே, பொருளுரைக்கு வாங்க" என்று வெட்டிவிடுவார். மேலாளர் வேறு ரகம். "அவருக்கு எல்லாமே முடிவுரைதான். நடுவுல ஒண்ணுமே இருக்காது."

ஒப்பிடும்போது எழுத்தை மாற்றவே மாட்டார். படிமம் என்ற சொல்லுக்கு ஒரு நூலில் ‘மனக்கண்ணில் காட்சியைத் தோற்றுவிப்பது’ என்று விளக்கம் வந்தது. விரல் நின்றது. ஊசி வரப்போகிறது என்று அண்ணன் நினைத்தார். வரவில்லை. "மனக்கண்ணு மட்டுந்தானா? மனசுக்குக் காது கெடையாதா, மூக்கு கெடையாதா?" என்று கேட்டுவிட்டு, "எழுதினவர் எழுதிட்டாரு. நம்ம வேல ஒப்பிடுறது. வாசிங்க" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். மாலையில் கணவரிடம் அந்த விளக்கத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் சண்டை போட்டாராம், கணவர்தான் எழுதியவர் என்பதுபோல.

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் விரல் மிக அதிகமாகப் படித்த வாசகம் ஒன்று உண்டு: ‘படம் நீக்கப்பட்டது.’ பிரெயில் நூல்களில் படம் வரும் இடத்தில் இப்படி ஒரு வரி போட்டுவிட்டு மேலே போவது எங்கும் உள்ள வழக்கம். பிழையில்லாமல் அச்சாகியிருக்கும் என்பதால் அதற்கு ஊசி போட முடியாது. போட முடிந்திருந்தால் தன் தலையில் ஒரு முடி மிஞ்சியிருக்காது என்பார்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பள்ளி இறுதித் தேர்வில் இலக்கியத் தாளில் ஆண்டுதோறும் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி வரும்: கொடுத்த கதைக்குக் கதைப்போக்கு வரைபடம் போடு. கதை எங்கே தொடங்கி, எங்கே சிக்கலாகி, எங்கே உச்சத்தைத் தொட்டு, எப்படி முடிகிறது என்பதை ஒரே கோட்டில் காட்ட வேண்டும். பார்வையற்ற மாணவர்களுக்கு அந்தக் கேள்வியிலிருந்து விலக்கு. மற்ற கேள்விகளில் வாங்கியதை வைத்துச் சராசரி போட்டு மதிப்பெண் கொடுத்துவிடுவார்கள். ஆனால் சான்றிதழில் அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். நட்சத்திரம் விழுந்த பாடத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடையாது. ஊசியக்காவுக்கு இலக்கியம் படிக்கத்தான் ஆசை. விண்ணப்பத்தைக் கல்லூரி வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"ஊர்ல எல்லாரும் நட்சத்திரம் வாங்கினா தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க. நான் வாங்கினேன், வாட்ச்மேன் வெளிய போகச் சொன்னாரு."

அந்த விலக்கை நீக்கச் சொல்லி ஆறு ஆண்டுகளாகத் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதிவந்தார். சென்ற ஆண்டு பதில் வந்தது. பாடநூலின் வரைபடங்களை விரலால் படிக்கும்படி செய்ய வேண்டும். அந்த நூலை முன்பு தொட்டிராத மாணவர் ஒருவர் அதிகாரியின் முன்னிலையில் அதைப் படித்து, புதிய கதை ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த ஆண்டு தேர்வு எழுதும் பார்வையற்ற மாணவர்கள் பதினான்கு பேருக்கும் விலக்கு இல்லை, நட்சத்திரமும் இல்லை. சொல்லாவிட்டால் பழையபடியே. இருபது நாள் கெடு.

நூல் ‘மாணவர் கட்டுரைப் பயிற்சியும் இலக்கியச் சொற்களும்’. அதில் ஒன்பது வரைபடங்கள். மேலாளர் தயங்கினார்.

"நம்ம மெஷின் எழுத்து அடிக்கும்மா. கோடு அடிக்காது. வழக்கம்போலப் போட்டுடலாமே."

"வழக்கம்போலப் போட்டா பதினாலு பேருக்கும் வழக்கம்போல நட்சத்திரம் சார்."

"இருபது நாள்ல முடியாது."

"பாத்தீங்களா, மறுபடி முடிவுரை."

ஒன்பதையும் கையாலேயே செய்வது என்று முடிவாயிற்று. அச்சுப் புத்தகத்தில் உள்ள கோட்டை அண்ணன் பார்த்து, அதே அளவில் ஓர் அட்டையில் தடித்த நூலாக ஒட்டித் தருவார். ஊசியக்கா அந்த நூலைத் தடவி உள்வாங்கிக்கொள்வார். பிறகு தடித்த தாளை ரப்பர் விரிப்பின் மேல் கவிழ்த்துப் போட்டு, தையல்காரர்கள் துணியில் குறி போடும் பல்சக்கரத்தைப் பின்பக்கத்தில் உருட்டி அழுத்துவார். தாளைத் திருப்பினால் முன்பக்கத்தில் புள்ளிக்கோடு எழும்பி நிற்கும். பின்னாலிருந்து அழுத்துவதால் இடது வலதாகும், வலது இடதாகும். அதற்கேற்ப மனதுக்குள் திருப்பிப் போட்டுத்தான் அழுத்த வேண்டும். கையால் பிரெயில் எழுதுகிறவர்களுக்கு அது மூச்சு விடுவது போல. சிறுவயதிலிருந்து வலமிருந்து இடமாகக் குத்திப் பழகியவர்கள். பெயர்களையும் அப்படியே குத்தி, மூலத்தாள் தயாரானதும், பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அதன் மேல் படியவைக்கும் இயந்திரத்தில் பதினைந்து படிகள் எடுப்பார்கள். மாணவர்களுக்குப் பதினான்கு, வாரியத்துக்கு ஒன்று.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செய்ததை அவரே சரிபார்க்கக் கூடாது; இன்னொரு விரல் படிக்க வேண்டும். செய்தவர் விரல் தாளில் இருப்பதைப் படிக்காது, தான் நினைத்ததைத்தான் படிக்கும். மற்றவர்கள் விஷயத்தில் இந்த வழக்கத்தை நாளும் ஓதுகிறவர் ஊசியக்காதான். அன்று நேரம் நெருக்கியது. மூலத்தாள்களை நேராகப் படியெடுக்க அனுப்பிவிட்டார். எல்லாம் முடிந்து தைக்கப் போனபோதுதான் இன்னொரு விரல், அதாவது கணவரின் விரல், அவற்றின் மேல் ஓடியது. கெடு முடிய மூன்று நாள் இருந்தது.

அவர் கதைப்போக்கு வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"இந்தாம்மா, இந்தக் கதைய எழுதினது யாரு?"

"ஏன்?"

"எடுத்த எடுப்புலயே உச்சம் வந்துடுச்சு. அப்புறம் ஒரு சாண் தூரத்துக்கு எறக்கமாவே போகுது. எல்லாரும் மொதப் பக்கத்துலயே செத்துட்டாங்களா? மிச்சக் கதைய யாரு சொல்றது, பக்கத்து வீட்டுக்காரனா?"

ஊசியக்கா தாளை வாங்கித் தடவினார். மெதுவாக ஏறி, வலப்பக்கம் உச்சத்தைத் தொட்டு, சட்டென்று இறங்க வேண்டிய கோடு அது. இடது ஓரத்திலேயே செங்குத்தாக எழுந்து, உச்சத்திலிருந்து வலது ஓரம்வரை சரிந்துகொண்டே போயிற்று.

"அண்ணே, நூல புத்தகத்துல இருக்கிற மாதிரியேவா ஒட்டினீங்க?"

"இல்லம்மா. நீ பின்பக்கமாத்தானே அழுத்துவ? உனக்கு எதுக்குச் சிரமம்னு நானே திருப்பி ஒட்டிட்டேன்." குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

"நானும் திருப்பினேன்."

அண்ணனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எப்படி இருக்கும்னு உங்ககிட்ட கேட்டேனே, என்ன சொன்னீங்க? ‘மலை மாதிரி ஏறி எறங்குதும்மா’."

"மலை மாதிரிதானம்மா இருக்கு!"

"எந்த மலை? எந்தப் பக்கம் ஏறுறது, எந்தப் பக்கம் உருளுறது? உவமையப் பத்தி நாலு பக்கம் எங்கிட்டயே வாசிச்சிட்டு, அந்த உவமைய வச்சே என்னக் கவுத்துட்டீங்களே."

"அவர மட்டும் சொல்லாத," என்றார் கணவர். "படியெடுக்கறதுக்கு முந்தி நீ யாருகிட்டயும் குடுக்கல."

ஊசியக்கா ஒன்பது மூலத்தாள்களையும் வரவழைத்துத் தடவினார். வட்டம், புனல், கூரை என்று இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் படங்கள் ஐந்து. அவற்றை எத்தனை முறை திருப்பினாலும் ஒன்றுதான், தப்பித்துவிட்டன. மற்ற நான்கும் இடவலம் மாறியிருந்தன. கொண்டையிலிருந்து நான்கு ஊசிகளை உருவி, தான் செய்த தாள்களில் தானே செருகினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அது முதல்முறை என்று பிறகு கணக்குச் சொன்னார்கள்.

நான்கு படம், பதினைந்து படி என்றால் அறுபது பிளாஸ்டிக் தாள் வேண்டும். அறையில் மிச்சம் இருந்தவை அறுபத்திரண்டு. புதிதாக வரவழைக்கப் பத்து நாளாகும்.

மறுநாள் காலை நூலும் அட்டையும் வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டார். "நீங்க பாருங்க, சொல்லுங்க. நான் போடறேன். ‘மாதிரி’ங்கற வார்த்தை மட்டும் வரக் கூடாது." வந்தால் மேசையைத் தட்டுவார். முதல் ஒரு மணி நேரத்தில் பதினொரு முறை தட்டினார். அண்ணனுக்கு வியர்த்தது. பிறகு மெல்ல வாய் திருந்தியது.

"இடது ஓரத்துலேருந்து ரெண்டு வெரக்கட தள்ளி, அடியிலேருந்து ஒரு வெரக்கட மேல கோடு ஆரம்பிக்குது. நாலு வெரக்கட தூரம் படுத்துக்கிட்டே போகுது. அப்புறம் ஏற ஆரம்பிக்குது. படி..."

மேசை தட்டப்பட்டது.

"படி மாதிரின்னு சொல்ல வரலம்மா! படிப்படியான்னு சொல்ல வந்தேன்."

"அதுவும் வேண்டாம். எவ்ளோ ஏறுது, அத சொல்லுங்க."

நூலின் மூன்றாம் அத்தியாயம் வருணனைக் கட்டுரை பற்றியது. ‘காணாதவரும் காணும்படி எழுதுக’ என்று அதில் ஒரு விதி. அண்ணன் அதைத் தன் வாழ்நாளில் குறைந்தது எட்டு நூல்களில் ஊசியக்காவுக்கு வாசித்திருப்பார். அந்த இரண்டு நாட்களில்தான் அதைச் செய்து பார்த்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி அச்சகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "என்ன பண்ணீங்க இவர? சீப்பு எங்கன்னு கேட்டா, மேசையோட இடது ஓரத்துலேருந்து நாலு வெரக்கட உள்ள தள்ளின்னு சொல்றாரு."

இந்த முறை ஒவ்வொரு மூலத்தாளும் கணவரின் விரலுக்குப் போய் வந்த பிறகுதான் இயந்திரத்துக்குப் போயிற்று. அவர் இரண்டு முறை திருப்பியனுப்பினார். ஒன்றில் உச்சம் என்ற பெயர் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றார். இன்னொன்றுக்குக் காரணம் சொல்லவில்லை. "பழிவாங்கறீங்களா?" என்று மாடியிலிருந்து கேட்டார் ஊசியக்கா. "கல்யாணமாகி இன்னிக்குத்தான் வாய்ப்பு கெடச்சிருக்கு" என்று பதில் வந்தது. ஒரு தாள் சூட்டில் சுருங்கி வீணாயிற்று. படியெடுத்து முடிந்தபோது அறையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் தாள் மிச்சம்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். பதினான்கு பேரில் ஒருத்தி, உயரமான பெண், நூலைத் தொட்டதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு மேசைக்கு வந்தாள். கதைப்போக்கு வரைபடத்தைப் படிக்க அவளுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. தொடக்கத்திலிருந்து ஒரு முறை, முடிவிலிருந்து ஒரு முறை கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். அதிகாரி தான் கொண்டுவந்திருந்த கதையை வாசித்தார். கடைசிப் படகைப் பிடிக்க ஓடும் ஒரு செவிலியின் கதை. படகு போய்விடுகிறது. கரையில் காத்திருக்கும்போது அவள் கையில் ஒரு கடிதம் வந்து சேர்கிறது, அதைப் பிரித்துப் படிக்கிறாள், கதை முடிகிறது.

"இந்தக் கதையோட உச்சம் இந்தக் கோட்டுல எங்க வரும்? தொட்டுக் காட்டும்மா."

பெண் தொடவில்லை. ஊசியக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"காட்ட முடியாது சார்," என்றாள் பெண்.

"ஏன்?" என்றார் அதிகாரி.

"இந்தக் கோடு இந்தக் கதைக்குப் பொருந்தாது. இது ஒரு தடவதான் ஏறுது. உங்க கதை ரெண்டு தடவ ஏறுது சார். படகு போறப்ப ஒண்ணு, கடிதம் பிரிக்கிறப்ப ஒண்ணு. ரெண்டாவதுதான் ஒசரம். அதுக்கப்புறம் எறக்கமே இல்ல, மேலயே நின்னு போயிடுது. தடிச்ச நூல் இருந்தா கோடு போட்டுக் காட்டறேன்."

அண்ணன் நூலையும் அட்டையையும் ஓடிப்போய் எடுத்து வந்தார். அவள் போட்டாள். அதிகாரி தன் உறையைப் பிரித்து மாதிரி விடையை எடுத்து, அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஊசியக்காவால் பொறுக்க முடியவில்லை.

"என்னண்ணே தெரியுது? சொல்லுங்க."

"ரெண்டு ஏத்தம்," என்றார் அண்ணன். "மொதலாவது தாள்ல பாதி ஒசரம். ரெண்டாவது வலது ஓரத்துலேருந்து ஒரு வெரக்கட உள்ள, தாளோட உச்சி வரைக்கும். அவர்கிட்ட இருக்கிறதும் அதேதாம்மா. அதேதான்."

அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு பெண்ணிடம் கேட்டார். "விலக்கு ரத்துன்னு எழுதிடவா? யோசிச்சுக்கோ. பத்து மார்க்கு. தப்பாப் போட்டா போயிடும்."

"போனா என் மார்க்குதானே சார் போகும்? எழுதுங்க."

கீழ்த்தளத்திலிருந்து தட்டச்சு செய்பவர்கள் எல்லாரும் மாடிப்படியில் வந்து நின்றிருந்தார்கள். தவறு செய்து மதிப்பெண் இழக்கும் உரிமை கிடைத்ததற்காக ஒரு கூட்டம் அப்படிக் கைதட்டியதை வேறெங்கும் கேட்க முடியாது. மேலாளர் ஏதோ பேச எழுந்து, முன்னுரையோடு உட்கார்ந்துவிட்டார். கணவர் மட்டும் மனைவியின் காதருகே வந்து, "இந்தக் கதைய எழுதினது யாருன்னு இப்ப சொல்லு" என்றார். ஊசியக்கா முழங்கையால் அவர் விலாவில் ஒன்று வைத்தார்.

மறுவாரம் பதினான்கு பேரும் வந்தார்கள். மூன்று மூன்று தொகுதிகளாகத் தைத்த புத்தகங்கள் நீள மேசையில், புள்ளிகள் நசுங்காதபடி நிமிர்த்தி அடுக்கப்பட்டிருந்தன. ஊசியக்காதான் எடுத்துக் கொடுத்தார். முதலில் வந்தவன் குரல் இன்னும் உடையாத ஒரு மாணவன். ‘எங்க இருக்கு அந்தப் படம்?’ என்றுதான் கேட்டான். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

அவர் இரண்டாம் தொகுதியை எடுத்து, வரைபடப் பக்கத்தை விரித்து, திறந்தபடியே அவன் முன்னால் மேசையில் வைத்தார். அவன் கை காற்றில் தேடியது. அதைப் பிடித்து இந்தா, இங்கே என்று கோட்டின் மேல் வைத்துவிட எல்லாருக்கும் தோன்றும். ஊசியக்கா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவன் விரல் தாளின் விளிம்பைத் தொட்டது, உள்ளே வந்தது, தொடக்கத்தைக் கண்டுபிடித்து, ஏறத் தொடங்கியது.